விமானியா, வான்வழி காட்டுபவரா? – ஒரு கேள்வியிலிருந்து பிறந்த பாடம்

கொரட்டூரில் ரயில் பாதைக்கு அருகே இருக்கிறது எங்கள் பள்ளி. அரக்கோணம் பக்கம் போகும் விரைவு ரயில் நிலையத்தில் நில்லாமல் கடக்கும்போது, பாடத்தை அரை நிமிடம் நிறுத்திவிட்டுத் தொடர்வது எங்கள் வழக்கம். அப்படி நிறுத்திய ஒரு நாளில், வானத்தில் ஒரு விமானமும் போனது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், டிரெய்னுக்கு சிக்னல் இருக்கு. பிளேனுக்கு மேல யாரு சார் சிக்னல் போடுறாங்க?"

விமான நிலையத்தின் கோபுரத்தில் இருந்து ஒருவர் வானொலியில் பேசுவார் என்றேன். அடுத்த கேள்வி உடனே வந்தது: "அவருக்கு பிளேன் ஓட்டத் தெரியுமா சார்?"

நான் திணறினேன். விசாரித்துச் சொல்கிறேன் என்று உட்கார வைத்தேன்.

அதே வாரம் என் பழைய மாணவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்து நல்ல மதிப்பெண் எடுத்தவர். பள்ளி முடித்ததும் நேராக விமானப் பயிற்சியில் சேர்ந்தார். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினார்கள். வணிக விமானி உரிமம் கையில் இருக்கிறது, வேலை இன்னும் வரவில்லை.

"ரெண்டு வருஷமா காத்திருக்கேன் சார். அம்மா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அதுதான் கஷ்டமா இருக்கு. ஏடிசி பக்கம் போயிடலாமான்னு பாக்கறேன். போக முடியுமா சார்?"

மாணவனின் கேள்விக்கும் இவருடைய கேள்விக்கும் சேர்த்து விடை தேடியதில் கிடைத்தவற்றையே இங்கே பகிர்கிறேன்.

இரண்டு பணிகள், இரண்டு வாசல்கள்

ஏடிசி என்று நாம் சுருக்கமாகச் சொல்வது வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு. இந்தியாவின் சிவில் விமான நிலையங்களில் பெரும்பாலும் இந்தப் பணியைச் செய்வது, 1995 ஏப்ரல் 1 அன்று உருவான இந்திய விமான நிலைய ஆணையம். நம் நாட்டு வான்வெளி டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரும் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. விமானம் ஓடுதளத்தில் ஏறி இறங்குவதைக் கோபுரத்தில் இருப்பவர் கவனிக்கிறார். நிலையத்தை நெருங்கும் விமானங்களையும் புறப்பட்டு விலகும் விமானங்களையும் வரிசைப்படுத்துபவர் இன்னொருவர். நெடுந்தூரம் உயரத்தில் பறப்பவற்றைப் பார்த்துக்கொள்பவர் மூன்றாமவர். ஒரு விமானம் பயணம் முடிவதற்குள் இப்படிப் பலருடைய பொறுப்பில் கைமாறுகிறது.

இனி வாசல்களைப் பார்ப்போம்.

விமானியாக வேண்டுமென்றால் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். முதல் வகை மருத்துவத் தகுதி வேண்டும். பட்டப்படிப்பு கட்டாயமில்லை. பயிற்சிச் செலவு பல பத்து லட்சம் ரூபாய். அது நம் குடும்பங்களின் தலையில்தான் விழும்.

கட்டுப்பாட்டாளராக வேண்டுமென்றால் ஆணையம் நடத்தும் இளநிலை அலுவலர் தேர்வை எழுத வேண்டும். இயற்பியலும் கணிதமும் அடங்கிய மூன்றாண்டு முழுநேர பி.எஸ்சி. பட்டம் வேண்டும். அல்லது ஏதேனும் ஒரு பருவத்திலாவது இவ்விரு பாடங்களும் இடம்பெற்ற முழுநேரப் பொறியியல் பட்டம் வேண்டும். வயது வரம்பு 27. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டுகளும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5 ஆண்டுகளும் தளர்வு உண்டு. கணினித் தேர்வுக்குப் பிறகு குரல் சோதனை, உளவியல் மதிப்பீடு, மருத்துவச் சோதனை ஆகியவை இருக்கின்றன. தேர்வானவருக்குப் பயிற்சி அளிப்பது ஆணையமே. அலகாபாத்தில், இன்றைய பிரயாக்ராஜில், 1948 முதல் இதற்கான பயிற்சிக் கல்லூரி இயங்குகிறது. ஊதிய விகிதம் 40,000 முதல் 1,40,000 ரூபாய் வரை.

இந்த விதிகளை என் பழைய மாணவரும் நானும் ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். விமானி உரிமத்துக்காக அவர் படித்த வானிலையும் வழிகாணலும் விமான விதிகளும் வானொலிப் பேச்சு முறையும் கட்டுப்பாட்டாளருக்கும் தேவையானவை. விமானி அறைக்குள் இருப்பவருக்கு எப்போது வேலை நெருக்கும், எந்த நேரத்தில் நீண்ட ஆணை கொடுத்தால் தவறிவிடும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். ஆனால் பட்டம் இல்லாமல் இந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. உரிமம் பட்டத்துக்கு ஈடாகாது.

அவருக்கு வயது 23. இப்போது பி.எஸ்சி. சேர்ந்தால் முடிக்கும்போது 26. பொதுப் பிரிவின் வரம்பை ஒட்டிவிடும். அவருக்குத் தளர்வு பொருந்துவதால் இன்னும் சில ஆண்டுகள் கிடைக்கும். கணக்குப் போட்ட தாளைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "அன்னைக்கே டிகிரியையும் சேத்துப் படின்னு யாராவது சொல்லியிருக்கலாம் சார்."

அன்றைக்கு அவருக்கு வழிகாட்டியவன் நான்தான். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்த 'யாராவது' நானாக இருந்திருக்க வேண்டும்.

வெளிநாடுகளிலும் வயதுதான் முதல் தடை. அமெரிக்காவில் கட்டுப்பாட்டாளர் பணிக்குப் பொதுவாக 31 வயது நிறைவதற்குள் சேர்ந்தாக வேண்டும். 56 வயதில் ஓய்வு. அங்கே விமான நிறுவனத்தில் விமானியாக 65 வயது வரை பறக்கலாம். ஆகவே 40 வயதில் பறப்பதை விட்டுவிட்டுக் கோபுரத்துக்குப் போகலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் பலிக்காது. மாறுவதற்கான முடிவைத் தள்ளிப்போடலாம்; அதற்கான தகுதியைத் தேடுவதைத் தள்ளிப்போட முடியாது.

ஒரு சொல்லின் எடை

வேலைவாய்ப்புத் தகவலோடு இதை முடித்துவிட எனக்கு மனமில்லை. இந்தப் பணியின் உயிர், கேட்டலிலும் திருப்பிச் சொல்லலிலும் இருக்கிறது. மொழிப்பாட ஆசிரியர்களும் எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் இது.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில், மூடுபனிக்கிடையே இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதின. 583 பேர் இறந்தனர். ஒரு விமானத்தின் தலைமை விமானி, புறப்பட அனுமதி கிடைக்கும் முன்பே வேகமெடுத்துவிட்டார். புறப்படுதல் என்ற சொல் தெளிவில்லாமல் பயன்பட்டது குழப்பத்துக்கு ஒரு காரணம். அதன் பிறகு, உண்மையில் அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்துவது நடைமுறையானது. மற்ற நேரங்களில் வேறு சொல்தான்.

நம் நாட்டில் 1996 நவம்பர் 12 அன்று, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தனர். டெல்லியிலிருந்து ஏறிய சவூதி விமானம் 14,000 அடியில் நிற்க வேண்டும். எதிரே இறங்கிவந்த கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். கொடுத்த ஆணை சரியானதுதான். ஆனால் இறங்கிய விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. அன்று டெல்லியில் கட்டுப்பாட்டாளரிடம் இருந்த ரேடார், விமானத்தின் உயரத்தைக் காட்டக்கூடியது அல்ல. வானொலியில் கேட்டதையே அவர் நம்ப வேண்டியிருந்தது. விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி இந்தியாவில் கட்டாயமானது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

அதனால்தான் ஆணை பெறும் விமானி அதன் முக்கியப் பகுதியை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தவறிருந்தால் உடனே திருத்த வேண்டும். "சரி, புரிந்தது" என்பது போதாது. நம் வகுப்பறையில் "புரிஞ்சுதா?" என்று கேட்டு, "புரிஞ்சுது சார்" என்ற கோரஸை நம்பி அடுத்த பாடத்துக்குப் போகிறோமே, அதை இங்கே ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

*1 முதல் 5 வகுப்பு வரை – கேள், சொல், செய்:* விளையாட்டுத் திடலில் சுண்ணாம்பால் கட்டங்கள் வரையவும். ஒரு குழந்தை விமானம், ஒரு குழந்தை கோபுரம். "முன்னால் மூன்று கட்டம், வலப்பக்கம் திரும்பு" என்று கோபுரம் சொல்ல, விமானம் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே நகர வேண்டும். திருப்பிச் சொல்லாமல் நகர்ந்தால் பழைய கட்டத்துக்குத் திரும்ப வேண்டும். பழகிய பிறகு இரண்டு விமானங்களை விடவும். இடம்–வலம், எண்ணுதல், கவனித்துக் கேட்டல் மூன்றும் இதில் அடங்கும்.

*6 முதல் 8 வகுப்பு வரை – எண்களைத் தெளிவாகச் சொல்:* தொண்ணூறுக்கும் தொள்ளாயிரத்துக்கும் குழந்தைகள் தடுமாறுவது நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் அப்படித்தான். வானொலியில் திசையைச் சொல்லும்போது இலக்கம் இலக்கமாகப் பிரித்தே சொல்வார்கள். ஒன்பதை 'நைனர்' என்பார்கள். இரைச்சலான வகுப்பில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு எண்களை இருவிதமாகவும் சொல்லவைத்து, எந்த முறையில் பிழை குறைகிறது என்று பட்டியலிடச் செய்யவும். தரவு சேகரித்தல் பாடத்துக்கும் இது உதவும்.

ஓடுதள எண்ணும் நல்ல கணக்கு. மீனம்பாக்கத்தில் ஓர் ஓடுதளத்தின் இரு முனைகளுக்கு 07, 25 என்று பெயர்; இன்னொன்றுக்கு 12, 30. காந்தத் திசையைப் பத்துக்கு முழுமையாக்கி, கடைசிச் சுழியத்தை விட்டால் இந்த எண் கிடைக்கும். இரு முனைகளின் வித்தியாசம் ஏன் எப்போதும் 18 என்று கேளுங்கள். விமானம் எதிர்க்காற்றில் இறங்கும் என்று சொல்லிவிட்டு, மேற்கிலிருந்து ஆடிக் காற்று வீசும் நாளில் 07, 25 இரண்டில் எந்த எண்ணைப் பயன்படுத்துவார்கள் என்றும் கேட்கலாம். விடை 25.

*9, 10 வகுப்பு – நேரமும் கோணமும்:* மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் இரு விமானங்கள் எதிரெதிரே வந்தால், அவை நெருங்கும் வேகம் 1,800 கி.மீ.; அதாவது நொடிக்கு அரை கி.மீ. ரேடார் கண்காணிப்பில் நெடுவழியில் பொதுவாகக் காக்கப்படும் இடைவெளி 5 கடல் மைல், அதாவது 9.26 கி.மீ. அந்தத் தூரம் கரைய எத்தனை நொடி? சுமார் 18.5. கரும்பலகையில் இந்த விடை வந்ததும் வகுப்பு தானாக அமைதியாகும். ரயிலைச் சிவப்பு விளக்கில் நிறுத்தலாம், பறக்கும் விமானத்தை நிறுத்த முடியாது என்பது அப்போது புரியும்.

முக்கோணவியலுக்கு இறக்கக் கோணம். 10 கி.மீ. உயரத்திலிருந்து 3° கோணத்தில் சீராக இறங்கினால் தரையில் எவ்வளவு தூரம் தேவை? டேன் 3° = 0.0524 என்று கொண்டால் சுமார் 191 கி.மீ. மேற்கிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் ஏறத்தாழ ஜோலார்பேட்டைக்கும் மேற்கே இருக்கும்போதே இறங்கத் தொடங்க வேண்டும். நம் ஊரைக் கடக்கும் ரயில்கள் போகிற ஜோலார்பேட்டைதான் என்றதும் மாணவர்கள் வியந்தார்கள்.

*11, 12 வகுப்பு – இரு வாசல் அட்டவணை:* விமானி, கட்டுப்பாட்டாளர் இரு பணிகளுக்கும் கல்வி, வயது, மருத்துவம், செலவு, தேர்வு முறை ஆகியவற்றை மாணவர்களே அதிகாரபூர்வ அறிவிக்கையைப் படித்து நிரப்பட்டும். 'நான் முதல்வன்' வழிகாட்டல் வகுப்புக்கு இது பொருத்தம்.

நாம் சொல்ல வேண்டியவை

பத்தாம் வகுப்பு முடிந்து பாடப்பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இது தொடங்குகிறது. கணிதம் இல்லாத பிரிவில் சேரும் மாணவருக்கு இவ்விரு வாசல்களும் சிரமமாகிவிடும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். விடுபட்ட பாடத்தைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பின்னர் எழுத வழி உண்டு. ஆனால் அது கூடுதல் காலம்.

பறக்க விரும்பும் மாணவரிடம், முதலில் மருத்துவத் தகுதியைத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால், கடன் வாங்கும் முன்பே அது தெரிய வேண்டும்.

பட்டத்தைக் கைவிடச் சொல்லாதீர்கள். விமான நிறுவனங்களின் நிலை மாறக்கூடியது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும் பறப்பதை நிறுத்தியபோது அனுபவமிக்க விமானிகளே வேலை தேடினார்கள். கல்லூரிச் சேர்க்கையின்போது, அந்த பி.எஸ்சி.யில் இயற்பியல், கணிதம் இரண்டும் இருக்கின்றனவா என்று பாடத்திட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

கட்டுப்பாட்டாளர் பணியை, விமானியாக முடியாதவருக்கான இடம் என்று சொல்லிவிடாதீர்கள். விமானி ஒரு விமானத்தை நடத்துகிறார். கட்டுப்பாட்டாளர் ஒரே நேரத்தில் பல விமானங்களை மனத்தில் வைத்திருக்கிறார். செலவழிக்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அது முதல் தேர்வாகவே இருக்கலாம்.

என் பழைய மாணவர் இந்த ஆண்டு பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்திருக்கிறார். விமானி வேலைக்கு விண்ணப்பிப்பதையும் விடவில்லை. கல்லூரி திறக்கும் முன் ஒரு நாள் எட்டாம் வகுப்புக்கு வந்து கட்ட விளையாட்டை நடத்தினார். அந்த மாணவன் தன் கேள்வியை அவரிடமே கேட்டான்.

"ஓட்டத் தெரியணும்னு இல்ல தம்பி. ஓட்டுறவரு அந்த நிமிஷம் என்ன பண்ணிட்டிருப்பாருன்னு தெரிஞ்சிருக்கணும்."

மாணவன் தலையாட்டினான். "எங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு" என்றார் அவர்.