குறுந்தட்டு இன்னும் வேண்டுமோ?

பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனத்தார் கூடி அமைத்த இசைக்குறுந்தட்டு, 1982-ஆம் ஆண்டில் ஜப்பானில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. ஓசையை நொடிக்கு 44,100 முறை அளந்து, அவ்வளவுகளை நுண்குழிகளாக அதிற் பொறிப்பர். லேசர் ஒளியே அவற்றைப் படித்தலின், முள் உராயும் பழந்தட்டுப்போல் இது தேய்வதில்லை.

இந்நாளில் இணையவழியே பாட்டுக்கள் எளிதில் வருதலின், தட்டு எதற்கு என்பர் சிலர். அவ்வெளிமையை நாமும் மறுக்கவில்லை. ஆயினும் சந்தா நின்றால், சேர்த்து வைத்த பாட்டுக்களும் நின்றுவிடும். உரிமையாளர் நீக்கிய பாட்டோ, சந்தா செலுத்துவார்க்கும் கிட்டாது. குறுந்தட்டு விலை கொடுத்தாரின் உடைமை. நண்பர்க்கு இரவல் தரலாம், பிள்ளைகட்கு விட்டுச் செல்லலாம். கீறாது காத்தலும், இயக்குங் கருவியைப் பேணலும் நம் கடன்.

நூலகத்தில் எத்துணை நூல்கள் இருப்பினும், நெஞ்சுக்கு உகந்ததை நாம் சொந்தமாக வாங்குகின்றோம் அன்றோ? பாட்டுக்கும் அம்முறையே பொருந்தும்.