கதவு வேலைக்குத் தச்சரை அமர்த்துதல்

சங்கத்திலிருந்து பெற்ற நூலும், நெய்து ஒப்படைக்க வேண்டிய சேலையும், அறுவடை செய்த நிலக்கடலை மூட்டையும் நம் அங்கத்தினர்களின் வீடுகளிலேயே இருக்கின்றன. அவ்வீட்டின் கதவு சரியாக மூடாவிட்டால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு மட்டும் அன்று. சாரல் பட்டுப் பாவு நனைந்தாலும், எலி புகுந்து மூட்டையைக் கடித்தாலும் அது சங்கத்தின் கணக்கிலும் வந்து சேரும். சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக் கதவு வேலை செய்வித்தவர்களில் சிலர், மறு ஆண்டே அதே வேலைக்காக மீண்டும் விண்ணப்பம் கொடுப்பதைத் தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் நாம் காண்கிறோம். தச்சரின் கைத்திறனில் குறை இருப்பது அரிது. வேலை இன்னது, மரம் இன்னது, கூலி இன்னது என்று முன்னரே பேசி முடிக்காததே பெரும்பாலும் காரணமாயிருக்கிறது. ஆகவே இதனை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

தச்சரை அழைக்குமுன் கதவை நாமே ஒருமுறை சோதிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இறுகும் கதவு பங்குனியில் தானே இளகுமாயின், அது மரம் ஈரத்தை உறிஞ்சி ஊதியதன் விளைவாகும். மழைக்காலத்திலேயே இழைப்புளி போட்டுச் சீவிவிட்டால் கோடையில் விரல் நுழையும் சந்து விழும். அவசரமில்லையெனில் தை கழியும்வரை பொறுத்தல் நன்று. சீவிய பின் கதவின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் தவறாமல் வர்ணம் பூசச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இடமென்று பூசாமல் விடப்படும் அவ்விளிம்புகளின் வழியாகவே ஈரம் விரைவில் ஏறுகிறது.

எல்லாக் காலத்திலும் கதவின் தாழ்ப்பாள் பக்கத்துக் கீழ்மூலை தரையில் உரசுமாயின், முதலில் மேல்கீலைப் பார்க்க வேண்டும். அதன் திருகாணிகள் தளர்ந்திருக்கக்கூடும். பழைய துளையில் மூங்கிற் சிம்பைப் பசை தடவி அடித்து, சற்று நீளமான திருகாணி போட்டால் போதும். இதற்குப் புதுக்கதவே வேண்டுமென்று சொல்பவரும் உண்டு. அதை நம்பிச் செய்துகொள்பவரும் உண்டு. நிலையின் அடிக்கால் மட்டும் கறையான் அரித்திருந்தால், கெட்ட பகுதியை அறுத்தெடுத்து ஒட்டுப்போடலாம். நிலை முழுவதையும் பெயர்த்தால் சுவரையும் சேர்த்துப் பெயர்க்க நேரும். ஆனால் கறையான் வரும் வழியை அடைக்காமல் ஒட்டுப்போடுவது வீண்.

புது நிலையும் கதவும் வேண்டுமென்று தீர்ந்தபின் கவனிக்க வேண்டியது மரக் கணக்கு. இதை அறியாமல் மரக்கடைக்குச் செல்லுதல், எடையறியாமல் நூல் வாங்குவதற்கு ஒப்பாகும். 7 அடி உயரமும் 3½ அடி அகலமும் உள்ள நிலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கால்கள் இரண்டும் 14 அடி. மேற்சட்டமும் கீழ்ப்படியும் 7 அடி. ஆக 21 அடி, அதாவது 252 அங்குலம். சட்டம் 4 அங்குல அகலமும் 3 அங்குலக் கனமும் உள்ளதாயின், 252ஐ 12ஆல் பெருக்க 3,024 கன அங்குலம் ஆகும். ஒரு கன அடிக்கு 1,728 கன அங்குலம். எனவே 1¾ கன அடி மரம் வேண்டும். இழைத்து முடித்தபின் 4க்கு 3 நிற்க வேண்டுமாயின், அறுக்கும்போது அகலத்திலும் கனத்திலும் கால் அங்குலம் கூட்டி அறுக்க வேண்டும். அப்போது ஏறக்குறைய 2 கன அடி வரும். மூலைகளில் நீட்டிவிடும் கொம்புக்குச் சிறிது சேர்த்துக்கொள்ளலாம். 3 கன அடி என்று எவரேனும் சொன்னால் காரணம் கேட்பதில் தவறில்லை. கன மீட்டரில் விலை சொல்லும் கடைகளில், ஒரு கன மீட்டர் 35.3 கன அடி என்பதை நினைவிற் கொள்க.

அளவைவிடப் பெரிய தொல்லை பச்சை மரத்தால் வருகிறது. மரம் உலரும்போது நீளத்தில் அனேகமாகச் சுருங்குவதில்லை. அகலத்திலும் கனத்திலும் சுருங்கும். நாம் அறிந்த ஓர் ஊரில் விவசாய அங்கத்தினர் ஒருவர் தம் கொல்லை வேம்பை வைகாசியில் வெட்டி, ஆவணியில் நிலை நிறுத்தினார். மரம் காயவில்லை என்று தச்சர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரருக்கோ புதுமனை புகும் நாள் குறித்தாகிவிட்டது. பங்குனியில் மூட்டுகள் வாய் பிளந்தன. மறு வேலைக்குக் கூலி யார் கொடுப்பது என்பதில் இருவரும் பேச்சு முறிந்தனர். எழுத்து ஒன்றுமில்லை. அவ்வூரில் வேறு தச்சரும் இல்லை.

சொந்த மரம் வைத்திருப்பவர்கள் அதை முழுக்கட்டையாகப் போட்டுவைக்கலாகாது. அளவுக்கு அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் காற்றுப்பட விட வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. நம் வெப்பத்தில் அதனினும் விரைவாக உலரும். வைரம் பாய்ந்த பகுதியே நிலைக்கு ஏற்றது. வெளிப்புறத்து வெள்ளைப் பகுதியைப் பூச்சி எளிதில் அரிக்கும்.

கடையில் ஆயத்தமாக விற்கும் ஒட்டுப்பலகைக் கதவு வாங்குவோர், ஐ.எஸ். 2202 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குக. அவற்றின் ஓரச்சட்டம் மெல்லியது. அதிகம் சீவ இடமில்லை. ஆதலால் நிலையை அளந்த பிறகே கதவு வாங்க வேண்டும்.

கூலி விஷயத்தில், பழுது பார்க்க நாள் கூலியும் புது வேலைக்கு மொத்தக் கூலியும் பொருந்தும் என்பது நம் கருத்து. எதுவாயினும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்க. அளவு, மரத்தின் பெயர், மரம் யாருடையது, கீலும் தாழ்ப்பாளும் நாதாங்கியும் யார் வாங்குவது, முடிக்கும் நாள் ஆகியவற்றை எவரும் எழுதுவர். மறக்கப்படுபவை இரண்டு: நிலை நிறுத்தியபின் சுவரைப் பூசும் கொத்துவேலை யாரைச் சேர்ந்தது, மீந்த மரமும் பழைய கதவும் யாருக்கு. சண்டை பெரும்பாலும் இவ்விரண்டில்தான் முளைக்கிறது.

மரத்துக்கான பணத்தைக் கடையிலேயே கொடுத்துத் தம் பெயருக்கு ரசீது பெறுக. கூலியை மூன்று பங்காக்கி, தொடங்கும்போது ஒன்றும், கதவு கூட்டி முடிந்ததும் ஒன்றும், மாட்டிச் சோதித்தபின் ஒன்றும் கொடுக்கலாம். சோதனை எளிது. சுவர் பூசுமுன் நிலையின் மூலைக்கு மூலை கயிறு பிடித்தால் இரு குறுக்களவும் ஒன்றாயிருக்க வேண்டும். தூக்குக்குண்டு காலை ஒட்டி நேராக நிற்க வேண்டும். மாட்டிய கதவைப் பாதி திறந்து விட்டால், தானே ஓடாமல் விட்ட இடத்தில் நிற்க வேண்டும்.

சோதனை தேறிய பின்னும் ஏதேனும் குறை சொல்லிக் கடைசிப் பங்கைப் பிடித்தம் செய்யும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. நெய்த சேலையில் இல்லாத பழுதைக் காட்டிக் கூலி குறைத்த முதலாளிகளிடமிருந்து விடுபடவே நெசவாளர்கள் சங்கம் கண்டனர். அவர்களே தம் வாசலில் நிற்கும் கைத்தொழிலாளியிடம் அவ்வாறு நடப்பது நமக்கு உடன்பாடில்லை.

பணம் பெற்றுக்கொண்டு வேலையை விட்டுப்போகும் ஒப்பந்தக்காரர் மீது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமில்லை. சீட்டும் ரசீதும் அங்கேதான் பயன்படும்.

ஒரே தெருவில் நான்கைந்து வீடுகளில் வேலை இருக்குமாயின், தை மாதம் கழிந்தபின் சேர்ந்து ஒரே தச்சரை அமர்த்துவது நலம். அவருக்குத் தொடர்ந்து பத்து நாள் வேலை கிடைக்கும்; மரமும் ஒரே நடையில் வந்து சேரும். அவ்வாறு செய்பவர்கள் சேமிப்புப் பண விண்ணப்பத்துடன் அளவுச் சீட்டின் நகலையும் இணைத்துச் சங்கக் காரியதரிசியிடம் கொடுக்கலாம்.