பழைய அடைப்பை மாற்ற வேண்டுமா?

கேள்வி: பத்து வருடங்களுக்கு முன் கடைவாய்ப் பல்லில் வெள்ளி நிறத்தில் அடைத்தார்கள். இப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசுகிறது. அடைப்பை மாற்ற வேண்டுமா? வலிக்குமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கூச்சத்தை அலட்சியப்படுத்தாதீர்கள், சகோதரி. நாள்பட்ட அடைப்பின் ஓரத்தில் இடைவெளி விழுந்தால், அதற்குள் கிருமி புகுந்து அடியில் மறுபடியும் சொத்தை பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உங்களுடையது அமால்கம் அடைப்பாக இருக்கலாம். அதில் ஏறக்குறைய 50 சதவீதம் பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. பாதரசம் என்றதும் பயந்து, நன்றாக இருக்கும் அடைப்பை எடுக்கச் சொல்லாதீர்கள். குடையும்போதுதான் பாதரச ஆவி அதிகம் வெளிப்படும். நல்ல பல்லும் கொஞ்சம் தேயும். விரிசல், சொத்தை, கசிவு இருந்தால் மட்டும் மாற்றினால் போதும்.

மரத்துப்போக ஊசி போடுவதால் வலிக்காது. அதிர்வும் சத்தமும்தான் தெரியும். பல் நிறத்திலான காம்போசிட் வைத்தால், நீல ஒளி காட்டியதும் இறுகிவிடும். ஆனாலும் மரப்பு போகும்வரை, இரண்டு மூன்று மணி நேரம், எதையும் மெல்லாதீர்கள். தெரியாமல் கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். சில நாள் லேசான கூச்சம் இருப்பது இயல்பு.

சூடு பட்டு வலி நெடுநேரம் நின்றாலோ, இரவில் தானாகத் தெறித்தாலோ, சொத்தை நரம்பைத் தொட்டிருக்கலாம். அப்போது வேர் சிகிச்சை தேவைப்படும். அதுவரை விடாமல், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.