நிலத்தடி நுண்துகள்கள்

மழைநீர் மண்ணுள் இறங்குங்கால் மணலும் களிமண்ணும் அதனை வடிகட்டுகின்றன. கலங்கிப் புகுந்த நீர் ஊற்றிலே தெளிந்து சுரப்பது இதனாலன்றோ? ஆயினும் தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. கண்ணுக்குப் புலனாகாத துகள்கள் அதில் மிதத்தல் கூடும். இவற்றைக் கூழ்மத் துகள்கள் என்பர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு செய்தால், அக்கூறு ஒன்றினும் சிறியவை இவை. களிமண், இரும்புத் துரு முதலியவற்றின் சிதறல்களாகிய இவை எளிதில் அடியிற் படிவதில்லை. எடையை நோக்க இவற்றின் மேற்பரப்பு மிகப் பெரிது. ஆதலின் நீரில் எளிதிற் கரையாத நஞ்சுகள் பல இவற்றின்மேல் ஒட்டிக்கொள்கின்றன.

அமெரிக்க நாட்டு நெவாடாப் பாலைநிலத்தில், 1968 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 19 ஆம் நாள், 'பென்ஹாம்' என்று பெயரிடப்பட்ட அணுகுண்டு ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆழத்தில் வெடிக்கப்பட்டது. அதிலிருந்த புளூட்டோனியம் நீரில் மிக அரிதாகவே கரையும். பாறையை இறுகப் பற்றும். எனவே அது நெடுந்தொலைவு செல்லாது என்றே அறிஞர் கருதியிருந்தனர். பல்லாண்டு கழிந்தபின், அப்பகுதியில் தோண்டிய ஆய்வுக் கிணற்று நீரில் புளூட்டோனியம் காணப்பட்டது. அளவு மிகச் சிறிதே; வியப்போ பெரிது. அக்கிணற்றுக்கு 300 மீட்டர் அண்மையில், 1975 இல் 'டைபோ' என்னும் வேறொரு குண்டு வெடித்திருந்தது. ஐயம் அதன்மேல் செல்வதே இயல்பு. ஆனால் புளூட்டோனியத்தின் ஐசோடோப்புகள் கலந்துள்ள விகிதம் குண்டுக்குக் குண்டு வேறுபடும். கிணற்று நீரிற் கண்ட விகிதம் பென்ஹாமுடையதாகவே இருந்தது. அது 1.3 கிலோமீட்டர் வந்திருந்தது! நீரை மிக நுண்ணிய வடிகட்டிகளிற் செலுத்தியபோது, புளூட்டோனியம் ஏறக்குறைய முழுவதும் களிமண், சியோலைட்டு முதலிய துகள்களோடு தங்கிவிட்டது. இம்முடிவு 1999 இல் வெளியாயிற்று.

நஞ்சைச் சுமந்தவை எவை என்பது தெரிந்தது. அவை இடுக்குகளுள் எவ்வாறு செல்கின்றன என்பதைக் கண்ணாற் காணவும் ஆய்வாளர் வழி கண்டனர். மணலின் இடுக்குகளைப் போன்ற நுண்கால்களைக் கண்ணாடித் தகட்டில் அமிலத்தால் அரித்து, அவற்றுள் ஒளிரும் துகள்களை விட்டு நுண்ணோக்கியாற் பார்ப்பது ஒரு முறை. மெய்யான மணலோ ஒளி புகாதது. அதற்கு எக்ஸ் கதிர் உதவுகிறது. மணல் நிரப்பிய சிறு குழாயைச் சுழற்றிப் பல பக்கமும் படமெடுத்தால், குழாயை உடையாமலே உள்ளமைப்பு முழுவதையும் கணிப்பொறி உருவாக்கிக் காட்டும்.

இவ்வாறு கண்ட காட்சிகள் சுவையானவை. துகள்கள் மணலுள் ஒருசீராகப் பரவுவதில்லை. மணிகள் ஒன்றையொன்று தொடும் மூலைகளிற் சில சிக்குகின்றன; நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையிற் பல திரள்கின்றன. சற்றுப் பெரியவை, கரையோரத்து மந்த நீரை விட்டு நடுவோட்டத்திலேயே செல்வதால், சில வேளைகளில் நீரின் சராசரி வேகத்தையும் விஞ்சுகின்றன. மற்றொன்றும் உண்டு. உப்பு மிகுந்த நீரில் துகள்கள் மணலைப் பற்றிக்கொள்கின்றன. உப்புக் குறைந்த நீர் வந்தால் பிடி தளர்கின்றன. பல்லாண்டு அசையாதிருந்தவையும், ஒரு பெருமழையின் நன்னீர் இறங்கியவுடன், தம்மேல் ஒட்டிய நஞ்சோடு மீண்டும் புறப்படுதல் கூடும்.