ஒரே கட்டியில் எல்லாம் ஆகுமா?

மலேசியாவின் கேரி தீவில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. கிள்ளான்–பந்திங் சாலையில் தெலுக் பங்லிமா காராங் பக்கம் பிரிந்து, லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனைதான். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற துரை ரப்பர் போட்ட மண் அது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து நாளாயிற்று. அவ்வளவு எண்ணெய் விளையும் இடத்தில் பிறந்து வளர்ந்தும், சோப்பு என்றால் சீனக்கடையில் வாங்குவது என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

செம்பனைக்குத் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. அங்கே வாழைத்தோலையும் கொக்கோ ஓட்டையும் எரித்த சாம்பலோடு அந்த எண்ணெயைக் காய்ச்சி, கறுப்புச் சோப்பு செய்வது பெண்கள் வழிவழியாகச் செய்துவரும் வேலை. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கு கன்றுகளாக வந்த மரம், 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வியாபாரப் பயிரானது. மரம் வந்தது, அந்தக் கைத்தொழில் கப்பலேறவில்லை.

லயத்து வீட்டில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு சவுக்காரக் கட்டி. துணி, பாத்திரம், சிமெண்டுத் தரை, அப்பாவின் எண்ணெய்க்கறை படிந்த கை எல்லாவற்றுக்கும் அதுதான். அம்மா மருந்தடிக்கிற வேலைக்குப் போனவர். களைக்கொல்லி பட்ட சட்டையைத் தனியாகப் பைப்படியில் போட்டு, அதே கட்டியால் கை கால் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். (அவர் அடித்த மருந்துகளில் ஒன்றான பாராகுவாட்டுக்கு இந்த நாட்டில் தடை வந்தது 2020 ஜனவரியில்தான்.) கை சுத்தமாகும், ஆனால் விரலிடுக்கெல்லாம் வெடிக்கும். இரவில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார். நன்றாக அழுக்கெடுப்பது தோலையும் வறளவைக்கும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தது அந்தக் கைகள். ‘எல்லாவற்றுக்கும் ஒரே சோப்பு’ என்று எதையாவது பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருவதும் அதனால்தான்.

கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, டாக்டர் பிரானர்ஸ் புட்டி ஒன்றைத் தோழி வீட்டில் பார்த்தேன். எமானுவேல் பிரானர் என்பவர் 1948இல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் அது. தேங்காய் எண்ணெயை இலங்கையிலிருந்து வாங்குகிறார்கள். முகம் கழுவுவது முதல் தரை துடைப்பது வரை 18 பயன் என்று புட்டியிலேயே எழுதியிருந்தது. இதை வீட்டில் செய்ய முடியாதா என்று தோன்றியது. துணைக்கு இன்னொரு கதையும் நினைவில் இருந்தது. சென்னை பெரம்பூரில் ரயில்வே மருத்துவராக இருந்த வி. பி. சித்தன், தோல் நோயோடு வந்த தொழிலாளர்களுக்காக வீட்டில் கையால் செய்த சோப்புதான் 1969இல் மெடிமிக்ஸ் ஆனது. சமையலறையில் தொடங்குவது ஒன்றும் கேவலமில்லை.

சோப்பு செய்கிறேன் என்று தெரிந்ததும் பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்ட முதல் கேள்வி: “அக்கா, இதுல கெமிக்கல் இல்லதானே?”

“காஸ்டிக் சோடா இல்லாம சோப்பே இல்லம்மா.”

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இயற்கைச் சோப்பு என்று விற்கிற எந்தக் கட்டியும் எண்ணெயும் காரமும் சேர்ந்து பிறந்ததுதான். இந்தக் காரத்தை, அதாவது காஸ்டிக் சோடாவை, மலாயில் சோடா ஆப்பி என்பார்கள். சரியான அளவில் போட்டால் காரம் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து சோப்பும் கிளிசரினுமாக மாறிவிடும். கட்டியில் மிச்சம் இருக்காது. அளவு தப்பினால் தோலைப் புண்ணாக்கிவிடும். அதனால் கப், கரண்டிக் கணக்கெல்லாம் இங்கே உதவாது. ஒரு கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். தண்ணீரைக்கூட எடைபோட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஒவ்வோர் எண்ணெய்க்கும் தேவையான காரம் வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், செம்பனை எண்ணெய்க்கு 0.141, நல்லெண்ணெய்க்கு 0.134, விளக்கெண்ணெய்க்கு 0.128 என்று நான் கணக்கு வைத்துக்கொள்கிறேன். வந்த மொத்தத்தில் 5 விழுக்காட்டைக் குறைத்துவிடுவேன். அப்போது கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும். குளிக்கும்போது தோல் இழுக்காது.

என் குளியல் சோப்பு இதுதான்: செம்பனை எண்ணெய் 250 கிராம், தேங்காய் எண்ணெய் 150, நல்லெண்ணெய் 75, விளக்கெண்ணெய் 25. இதற்குக் காஸ்டிக் சோடா 72 கிராம், தண்ணீர் 160 கிராம். நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா கடைகளில் கிடைக்கும். செம்பனை எண்ணெய் கட்டியை இறுக்கும்; தேங்காய் எண்ணெய் நுரை தரும், அழுக்கெடுக்கும்; நல்லெண்ணெய் மென்மைக்கு; விளக்கெண்ணெய் நுரையைப் பிடித்து நிறுத்தும். ஓர் எண்ணெயை மாற்றினாலும் காரத்தை மறுபடி கணக்கிட வேண்டும். இணையத்தில் இலவசக் கணக்கிகள் இருக்கின்றன. அதில் ஒருமுறை சரிபார்க்காமல் நான் அடுப்படிக்கே போவதில்லை. இரண்டு வெள்ளி ஐம்பது காசு பாக்கெட் எண்ணெயை இதற்கு வாங்காதீர்கள். அது வீட்டுச் சமையலுக்கு அரசாங்கம் மானியத்தில் தருவது. பாட்டில் எண்ணெய் வாங்கினால் போதும்.

காரத்தைத் தண்ணீரில் போட வேண்டும். காரத்தின்மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது, பொங்கித் தெறிக்கும். கரையும்போது அடுப்பில்லாமலே கொதிக்கிற அளவுக்குச் சூடேறும். அலுமினியப் பாத்திரம் ஆகாது; காரம் அதை அரித்து வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் நல்லது. கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, சன்னலைத் திறந்துவைத்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் செய்வேன். கையில் பட்டால் வினிகரைத் தேடி ஓடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் நிறைய நேரம் காட்டுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே கிளினிக்குக்குப் போக வேண்டும். அடைத்த குழாய்க்கு ஊற்றும் தூளில் அலுமினியத் துணுக்கு கலந்திருப்பது உண்டு. அதை வாங்காமல், சோப்பு மூலப்பொருள் கடையில் சுத்தமான சோடாவாகக் கேட்டு வாங்குங்கள்.

எண்ணெயும் காரநீரும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காரநீரை எண்ணெயில் ஊற்றிக் கை பிளெண்டரால் விட்டுவிட்டுக் கடைய வேண்டும். ஆப்ப மாவுப் பதம் வந்ததும் அச்சில் ஊற்றலாம். மறுநாள் கையுறையோடு வெட்டி, நான்கு முதல் ஆறு வாரம் காற்றில் உலர்த்த வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் கட்டி வியர்க்கும். கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் வருவது அது, கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. மின்விசிறி ஓடும் அறையில், ஒன்றோடு ஒன்று படாமல் அடுக்குங்கள். மழை மாதங்களில் இன்னும் சில வாரம் கூடும். ஆரஞ்சுப் புள்ளி விழுந்து சிக்கு வாடை வந்தால் மட்டும் அது எண்ணெய் கெட்டதன் அடையாளம்.

மூலிகை விஷயத்தில் என் ஆசைகள் நிறைய அடங்கின. அரைத்த வேப்பிலையின் பச்சை, காரத்தில் பழுப்பாகிவிடும். மஞ்சள் நிறம் மாறும், வெள்ளைத் துண்டில் கறையும் வைக்கும். கட்டியில் மிஞ்சுவது பெரும்பாலும் எண்ணெய்களின் குணம்தான்; அரைத்துப் போட்ட இலையின் மருத்துவத்தை அதில் எதிர்பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். வாசனைக்குச் செரை (எலுமிச்சைப் புல்) எண்ணெய் போடுவேன், மேலே சொன்ன அளவுக்கு 10 கிராம். கிராம்பு, பட்டை எண்ணெய்கள் தோலை எரிக்கும், அவற்றைத் தொடுவதில்லை.

இனி, ஒரே கட்டியில் எத்தனை வேலை ஆகும்? கை கழுவ, உடம்புக்குக் குளிக்க, அப்பாவுக்குச் சவரம் செய்ய இந்தச் சோப்பு அருமை. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போகிறது. ஆனால் பிளாஸ்டிக் டப்பாவில் மெல்லிய படலம் நிற்கிறது. டைல்ஸ் தரையில் வழுக்குகிறது. தலைக்கு வேண்டாம். நல்ல சோப்பின் காரத்தன்மை pH 9, 10 அளவில் இருக்கும், முடி முரடாகிவிடும். தலைக்குச் சீயக்காயும் பயத்தமாவும் இருக்கவே இருக்கின்றன. கைக்குழந்தைக்கும் நான் போடுவதில்லை. சோப்போடு வினிகரோ எலுமிச்சையோ சேர்த்தால் ‘இரட்டைச் சுத்தம்’ என்று சிலர் சொல்வார்கள். சேர்த்துப் பாருங்கள்: வெள்ளையாகத் திரிந்து சோப்பு கொழுப்பமிலமாகப் பிரிந்துவிடும், இரண்டும் வீண்.

அதனால் துணிக்கும் பாத்திரத்துக்கும் தனிக் கட்டி செய்கிறேன்: தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 90, தண்ணீர் 200. எண்ணெய் மிச்சம் அதிகம் வைக்காத சோப்பு; அழுக்கை உரித்தெடுக்கும், கையையும் கொஞ்சம் காயவைக்கும். அம்மாவின் சவுக்காரத்துக்கு உறவுதான். கேரி தீவில் இருக்கும் அண்ணி குளியல் கட்டியைத் தொடுவதில்லை, இதைத்தான் கேட்டு வாங்குகிறார். தோட்டத்துச் சட்டைக் காலருக்கு இதற்கு மேல் ஒன்று வேண்டாம் என்பது அவர் தீர்ப்பு. பொரித்த எண்ணெயை வடிகட்டியும் துணிச்சோப்பு செய்யலாம். மீன் வறுத்த எண்ணெய் என்றால் வாடை கடைசிவரை போகாது.

எதிர்பாராமல் கிடைத்த ஒரு பயன் செடிக்கு. கறிவேப்பிலை, மிளகாய்ச் செடியில் மாவுப்பூச்சி அடைந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் சோப்பைச் சீவிக் கரைத்துச் சாயங்காலத்தில் தெளிக்கிறேன். பூச்சியின் மேல் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும். முதலில் ஓர் இலையில் தெளித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் வெறும் தண்ணீரால் கழுவிவிட வேண்டும்.

களிம்புக்கு வருகிறேன். இதில் காரம் இல்லை, காத்திருப்பு இல்லை. தேன்மெழுகு சுமார் 63 பாகையில் உருகும்; தேங்காய் எண்ணெயோ 24 பாகையிலேயே உருகுவதால் நம் ஊரில் எப்போதும் நீராகத்தான் இருக்கும். ஆகவே குளிர்நாட்டுச் செய்முறையை அப்படியே எடுத்தால் களிம்பு டப்பாவுக்குள் ஓடும். நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு போட்டால் இங்கே நிற்கிறது. உதட்டுக்கு வேண்டுமானால் மெழுகைச் சற்றுக் குறைக்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் எந்தக் களிம்பும் நிற்காது. வெடித்த குதிகால், உதடு, நகக்கண் என்று உடம்புக்கு மட்டுமல்ல. மரக்கரண்டி, சப்பாத்திப் பலகை, தோல் செருப்பு, சிக்கிக்கொண்ட ஜிப் வரை இது உதவும். சோப்பைவிடக் களிம்புக்குத்தான் பலபயன் என்ற பெயர் பொருந்தும். ஒரே நிபந்தனை, தண்ணீர் சேரக் கூடாது. கற்றாழைச் சாறு, இலைச்சாறு ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும். நிழலில் நன்றாகக் காயவைத்த துளசியை எண்ணெயில் இளஞ்சூட்டில் ஊறவைத்து வடிகட்டிச் சேருங்கள்.

வலிக்கும் சளிக்குமான தைலம் தனி. அமிர்தாஞ்சன் 1893இலிருந்து இருக்கிறது. இங்கே வீட்டுக்கு வீடு கோடாலித் தைலம். வீட்டில் செய்வதற்கு நம் நாட்டு மருந்துக்கடைச் சரக்கே போதும். பச்சைக் கற்பூரம், புதினா உப்பு, ஓம உப்பு மூன்றையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் சேர்த்து வைத்தால், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தானாகவே நீராகும். 100 கிராம் களிம்பு ஆறி இறுகத் தொடங்கும் நேரத்தில் இதில் 8 கிராம் விட்டுக் கலக்குவேன்; சூட்டில் விட்டால் பாதி ஆவியாகிக் கண்ணைக் கரிக்கும். சாமிக்கு ஏற்றும் சூடத்தைத் தோலில் போட வேண்டாம். புண்ணிலும் தீக்காயத்திலும் தடவக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பக்கமே இந்தத் தைலம் போகக் கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டுக்குப் பரிசோதனை செய்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் அந்துருண்டை ஆகாது. கற்பூரம், மெந்தால் தைலங்களையும் மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்வது வழக்கம்.

நன்றாக வந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், விற்கலாமே என்று தோன்றும். குளியல் சோப்பும் உதட்டுக் களிம்பும் அழகுசாதனக் கணக்கில் வரும். விற்பதற்கு முன் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிப்புச் செய்ய வேண்டும். ‘மூட்டுவலி தீரும்’ என்று எழுதிவிட்டால் அது மருந்தாகிவிடும், பதிவு எண் இல்லாமல் விற்க முடியாது. வாட்ஸ்அப்பில் விற்றாலும் சட்டம் அதேதான்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் களிம்பில் தொடங்குங்கள். 20 கிராம் மெழுகு, 80 கிராம் எண்ணெய், கொதிக்கும் தண்ணீர்மேல் வைத்த ஒரு கிண்ணம், இவ்வளவுதான் வேண்டும். அது கைவந்த பிறகு தராசும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிவிட்டுச் சோப்புக்கு வாருங்கள்.