செங்கல்பட்டு பட்டு விற்ற இணையதளம்

‘அசல் செங்கல்பட்டு பட்டு இங்கு கிடைக்கும்.’ கிழக்குத் தாம்பரத்து ஜவுளிக்கடை ஒன்றின் விளம்பரம் இப்படி மாறி, கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்ட பிறகுதான் அந்த இணையதளத்தைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது.

2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. வட்டாரத் தகவல் தளம் நடத்தும் நண்பருக்குக் கடை, பள்ளி, கல்யாண மண்டபம் என்று ஒவ்வொரு முகவரியையும் திருத்த வேண்டிய கட்டாயம். நான் சொன்ன தொகை அதிகம் என்று வேறொரு நிறுவனத்திடம் கொடுத்தார். அவர்கள் ‘காஞ்சிபுரம்’ என்று வந்த இடமெல்லாம் ‘செங்கல்பட்டு’ என்றும், ‘நகராட்சி’ என்று வந்த இடமெல்லாம் ‘மாநகராட்சி’ என்றும் ஒரே மூச்சில் மாற்றி, அன்றைக்கே பில் அனுப்பிவிட்டார்கள்.

சென்னை ஏற்கெனவே மாநகராட்சி. அது ‘மாமாநகராட்சி’ ஆகிவிட்டது. இது பெரிய சேதமில்லை. அப்படி ஒரு சொல் தமிழில் கிடையாது என்பதால் தேடிப் பிடித்து ஒரே தட்டில் சரிசெய்துவிடலாம். முதலிலேயே, ‘முன்னால் மா இல்லாத நகராட்சி’ என்று ரெஜெக்ஸில் நிபந்தனை போட்டிருந்தால் இதுவும் வந்திருக்காது.

எளிதில் மீள முடியாத சேதம் இன்னொன்று. அந்தத் தளத்தில் செங்கல்பட்டு என்ற பெயர் முன்பே நிறைய இடங்களில் இருந்தது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வழியாக ஓடும் மின்சார ரயிலே செங்கல்பட்டுக்குத்தானே போகிறது! 1997-க்கு முந்தைய செய்திகளில் மாவட்டத்தின் பெயரும் செங்கல்பட்டுதான். மாற்றியபின் பழைய செங்கல்பட்டும் புது செங்கல்பட்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. திருப்பி மாற்றினால் மின்சார ரயில் காஞ்சிபுரம் போய்விடும். உப்பையும் சர்க்கரையையும் ஒரே டப்பாவில் கொட்டிய கதை. இதை லைவ் சர்வரில், ஒரு நகல்கூட எடுக்காமல் செய்திருந்தார்கள். நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் ‘ரீப்ளேஸ் இன் ஃபைல்ஸ்’ கொடுத்தால், திறக்காத கோப்புகளுக்கு கன்ட்ரோல் இசட் கிடையாது என்பதை முதல் நாளே சொல்லித்தர வேண்டாமா?

என்னைக் காப்பாற்றியது தமிழ் இலக்கணம். அவர்கள் தேடியது ‘காஞ்சிபுரம்’. ‘காஞ்சிபுரத்தில்’, ‘காஞ்சிபுரத்துக்கு’ என்பவற்றில் ‘ம்’ இல்லை. அதனால் அவை தப்பித்துக் கிடந்தன. அந்தப் பக்கங்களில் மூலம் என்ன என்று ஊகிக்க முடிந்தது. மற்றதற்கு இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் கிடைத்த பழைய பிரதிகளை வைத்துப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன்.

நீங்கள் செய்யும்போது சொல்லை வேற்றுமை உருபுக்கு முன்பே வெட்டுங்கள். நான் தேடியது ‘காஞ்சிபுரம்’, பிறகு எத்தனை இடைவெளி இருந்தாலும் பிடிக்கும் பேக்ஸ்லாஷ் எஸ் பிளஸ், பிறகு ‘மாவட்ட’. அந்த ட-வோடு நிறுத்தினால் மாவட்டம், மாவட்டத்தில், மாவட்டத்தின் எல்லாம் அகப்படும். வால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். காஞ்சிபுரம் பட்டும் காஞ்சிபுரம் பஸ்ஸும் தொடப்படாது. பழைய செய்திகளையும் விட்டுவைக்க வேண்டும். 2011 உள்ளாட்சித் தேர்தலில் தாம்பரம் நகராட்சிதான். அதற்கு நான் வைத்த வடிகட்டி பின்கோடு: 600-இல் தொடங்கும் ஆறு இலக்கம், நடுவில் இடைவெளி இருக்கலாம், அல்லது ‘சென்னை-45’, ‘சென்னை-59’ என்ற பழைய பாணி. அதே வரியில் இது இருந்தால் மட்டும் மாற்று. முகவரியில் பின்கோடு இருக்கும், செய்தியில் இருக்காது.

முழுச்சொல் எல்லைக்கான பேக்ஸ்லாஷ் பி-யை நம்பாதீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் அது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மூன்றையும்தான் எழுத்தாக எண்ணும். தமிழ் அதன் கண்ணில் படாது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பக்கங்கள் இருந்தால் தேடலில் எதுவுமே சிக்காது. அங்கே ‘தாம்பரம்’ என்பது ஜே, எச், கே, அரைப்புள்ளி, ஜி, யு, கே, அரைப்புள்ளி என்றுதான் கோப்பில் உட்கார்ந்திருக்கும். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதையும் முழுக் கோப்பின்மேல் ஓட்டாதீர்கள். பாமினியில் எச்.டி.எம்.எல். டேக் தொடங்கும் குறி ‘ஈ’, முடியும் குறி காற்புள்ளி; டேகுகளும் சேர்ந்து மாறிவிடும்.

மற்றபடி நகல் எடுப்பது, முதலில் தேட மட்டும் செய்து பட்டியலைப் படிப்பது எல்லாம் நீங்கள் அறிந்ததே. நான் ஒன்று கூடுதலாகச் செய்தேன். நேராகப் புதுப் பெயரைப் போடாமல், எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு குறியை முதலில் போட்டேன். நண்பர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே குறி பெயரானது. எச்.டி.எம்.எல்.லை ரெஜெக்ஸால் தொடக் கூடாது என்று உபதேசிக்கும் தம்பிகள் உண்டு. நான் தொட்டது டேகை அல்ல, டேகுக்கு நடுவே இருந்த முகவரியை. அவர்கள் சொல்லும் பார்சரை ஓட்டினால், மூடாத டேகுகள் நிறைந்த, கையால் எழுதிய அந்தப் பக்கங்கள் அது நினைத்தபடி மாற்றி எழுதப்பட்டிருக்கும்.

முடிச்சூர் சாலைக் கடைகளிடம் மட்டும் ரெஜெக்ஸ் செல்லவில்லை. சாலை மாநகராட்சியில் தொடங்கி முடிச்சூருக்குள் போகிறது. 2021-இல் இணைந்த பத்தில் முடிச்சூர் இல்லை. முகவரியைப் பார்த்து எது எந்தப் பக்கம் என்று சொல்ல வழியில்லை. ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு, ‘அண்ணே, சொத்து வரி எங்கே கட்டுறீங்க?’ என்று கேட்டு எழுதினேன்.