கேட்பது காதா, நம்பிக்கையா?

ஒலிக்கருவி வாங்க எண்ணும் நண்பர் பலர் பிறர் கூறும் புகழுரையையே முதலில் நாடுகின்றனர். காது பின்னரே வருகிறது. இதனை விளக்க ஒரு நிகழ்ச்சியைக் கூறுவேன்.

அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் பழைய இசைத்தட்டுகளை மூல ஒலிநாடாவிலிருந்து மறுபதிப்புச் செய்து வருகிறது. 2022-இல் அதன் உயர்வகைத் தட்டு ஒன்றின் விலை 125 டாலர். ஒலியை எண்களாக மாற்றும் டிஜிட்டல் முறை கலவாததாலேயே அத்தட்டுகளுக்கு இத்துணை இனிமை என்று இசைச் சுவைஞர் பலர் புகழ்ந்தனர். அவ்வாண்டில் உண்மை வெளிப்பட்டது: 2011 முதல் வந்த பல தட்டுகளில் டிஜிட்டல் பதிவு இடையே இருந்தது! நுண்செவியர் எனப்பட்டோரும் அதனை உணர்ந்திலர். தட்டுகள் இனியவையே, இனிமைக்குக் கூறிய காரணமே பொய்த்தது.

விளம்பரம் சொல்ல, கூட்டம் வழிமொழிய, காதும் இசைந்துவிடுகிறது என்பதே என் கருத்து.

ஆதலின் நண்பர்களே, இரு கருவிகளையும் ஒரே பாட்டுக்கு, ஒரே ஒலியளவில், எது எதுவென அறியாமல் கேளுங்கள். ஒலி சற்றே கூடினாலும் அதுவே சிறந்ததாகத் தோன்றும். வேறுபாடு தெரியவில்லையா? விலை குறைந்ததே போதும். மிஞ்சும் பணம் விடுதிக் கட்டணத்திற்கு உதவுமன்றோ?